தாழைமேட்டில் விழுந்த ஓட்டு

தாழைமேடு, பாகூர் கொம்யூன்
பிப்ரவரி 11

அன்புள்ள அண்ணாவுக்கு, தங்கை ஹேமலதா எழுதுவது. இங்கே நான், அவர், பிள்ளை பிரேம், மாமியார் எல்லோரும் சுகம். ஏனாமில் தனியாகப் பொங்கித் தின்னும் உன் உடம்பு எப்படி இருக்கிறது? சர்க்கரை பார்த்தாயா? போன வாரம் வில்லியனூரில் கார்த்திகா அண்ணியைப் பார்த்தேன். "உங்க அண்ணனுக்கு டிரான்ஸ்பர் கெடைக்கறதுக்குள்ள எங்களுக்குப் பேரப்புள்ளையே வந்துடும்" என்கிறார்.

போனில் பேசக் கூடாதா என்று நீ திட்டியதாகவும் சொன்னார். அப்பாவின் காரியத்தன்று நீயும் என் வீட்டுக்காரரும் வார்த்தையை விட்டு ஆறு வருஷம் ஆகிறது. உன் பெயர் போனில் வந்தாலே இந்த வீட்டில் எல்லோர் முகமும் மாறிவிடுகிறது. வழக்கம்போல நான் வேலை பார்க்கும் அங்கன்வாடி விலாசத்துக்கே எழுது.

அண்ணா, எனக்கு இன்னும் படபடப்பு அடங்கவில்லை. திங்கட்கிழமை காலை வரை நம் எம்.எல்.ஏ. நாகராஜன் ஒரு கட்சியில் இருந்தார். மத்தியானம் ராஜினாமா. சாயங்காலம் வேறு கட்சித் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு சிரிக்கிறார். அவரோடு இன்னும் மூன்று பேர் தாவியதில் அரசாங்கமே விழுந்துவிட்டது. டீக்கடை டி.வி. முன்னால் ஜனங்கள் நெருக்கியடித்து நின்றார்கள். எதிர்வீட்டுக் காசம்மாள்தான் முதலில் வாயைத் திறந்தாள். "இவன நம்பியா வெயில்ல நின்னு குத்தினோம்? ஓட்டு கேட்டு வரட்டும், இன்னா செய்றேன் பாரு" என்றாள். ஊரே அப்படித்தான் கொதிக்கிறது. எங்கள் போர்வெல் தண்ணீர் உப்பு என்று குடிநீர்த் தொட்டிக்குப் பூசை போட்டவர் அவர்தானே. பூசை போட்டதோடு சரி.

சீக்கிரமே தேர்தல் வருமாம். வாக்காளர் பட்டியல் வேலை மறுபடி என் தலையில். எங்கள் பூத்தில் நானூற்றுப் பன்னிரண்டு பெயர். வேளாவேளைக்குச் சாப்பிடு.

உன் தங்கை
ஹேமலதா


ஏனாம்
பிப்ரவரி 22

அன்புத் தங்கை ஹேமாவுக்கு, அண்ணன் செந்தில்நாதன். இங்கு நலம். சர்க்கரை பார்த்தேன், எவ்வளவு என்று கேட்காதே. அங்கே மாப்பிள்ளை, பிரேம், உன் மாமியார் எல்லோரும் சௌக்கியம்தானே?

அரசு விழுந்த அன்று எங்கள் ஆபீசிலும் ஒருவரும் ஒரு கோப்பைத் தொடவில்லை. தெலுங்கில் திட்டினார்கள், தமிழில் திட்டினார்கள், காரைக்காலிலிருந்து மாற்றலாகி வந்தவர் இரண்டு மொழியிலும் திட்டினார். எனக்கும் வயிறு எரிகிறது. ஆனால் ஒன்று சொல்கிறேன். நாம் போட்ட ஓட்டை ஒருவன் தூக்கிக்கொண்டு ஓடினால், அடுத்த ஓட்டால்தான் அவனைப் பிடிக்க முடியும். வேறு கயிறு நம் கையில் இல்லை. இந்த மாதிரி நேரத்தில்தான் ஒருவரும் வீட்டில் உட்காரக் கூடாது.

பிரேமுக்கு இது முதல் ஓட்டு இல்லையா? யாருக்கு என்று வீட்டில் யாரும் அவனை நோண்ட வேண்டாம். இருபத்திரண்டு வருஷமாகத் தேர்தல் வேலை பார்க்கிறவன் சொல்கிறேன், போட்டவருக்கும் மெஷினுக்கும் தவிர மூன்றாவது ஆளுக்கு அது தெரியாது.

என்றும் உன் நலம் விரும்பும்
செந்தில்நாதன்


தாழைமேடு
மார்ச் 10

அன்புள்ள அண்ணாவுக்கு, உடம்பைப் பார்த்துக்கொள்கிறாயா? இங்கே எல்லோரும் இருக்கிறோம். மாமியார் கலியம்மாளுக்கு முட்டிவலி, மற்றபடி குறையில்லை.

நீ ஓட்டுப் போடுங்கள் என்று எழுதியிருக்கிறாய். இங்கே ஊரே போடப் போவதில்லை! வெள்ளிக்கிழமை மாரியம்மன் கோயிலில் கூட்டம். என் மூத்தார் ஏகநாதன்தான் ஊர் நாட்டாமை என்பது உனக்குத் தெரியும். எழுந்து நின்று, "எவன் வந்தாலும் தாவத்தான் போறான். நம்ம ஓட்டு யாருக்கும் கெடையாதுன்னு சொல்லுவோம். அப்பத்தான் தண்ணிக்கு வழி பொறக்கும்" என்றார். கைதட்டல் ஓயவே இல்லை.

அப்புறம் தலைக்கட்டுக் கணக்கில் ஒவ்வொரு ஆணாகக் கூப்பிட்டார்கள். திருவிழா வரி மாதிரியேதான், ஒரு வீட்டுக்கு ஒரு ஆம்பளை. நூற்று மூன்று தலைக்கட்டு. ஒவ்வொருவரும் வந்து வீட்டில் எத்தனை ஓட்டு என்று சொல்லிவிட்டுச் சூடத்தை அணைத்துச் சத்தியம் செய்தார்கள். உன் மாப்பிள்ளையும் போனார். "எங்க வூட்டுல நாலு ஓட்டு. நாலும் இல்ல" என்று சொல்லி அணைத்தார். நான் பெண்கள் பக்கம் நின்றிருந்தேன். நாலில் ஒன்று நான் என்று கொஞ்ச நேரம் கழித்துத்தான் உறைத்தது. ஒரு மாதிரி ஆகிவிட்டது அண்ணா.

மறுநாள் பட்டியலைச் சரிபார்க்க வீடு வீடாகப் போனேன். கோயில் நோட்டில் இருப்பவை நூற்று மூன்று ஆண்களின் பெயர்கள். என் கையில் இருக்கும் பட்டியலில் காசம்மாளுக்கும் ஒரு வரி, எனக்கும் ஒரு வரி. இந்த ஊரில் வேறு எந்தக் காகிதத்தில் இப்படி இருக்கிறது என்று யோசித்துப் பார்த்தேன், ஒன்றும் தோன்றவில்லை. காசம்மாளிடம் சொன்னால், "அதான் அவரு அணைச்சுட்டாரே" என்று கதவைச் சாத்துகிறாள்.

நாகராஜனை எதிர்த்து ஓய்வுபெற்ற வாத்தியார் புகழ்வேந்தன் நிற்கிறாராம். வேறு செய்தி இல்லை.

அன்புடன்
ஹேமலதா


ஏனாம்
மார்ச் 20

அன்புள்ள ஹேமா, நலம்தானே? உன் கடிதத்தை ஆபீசில் வைத்துப் படித்துவிட்டு, "அட பாவிகளா!" என்று சத்தமாகவே சொல்லிவிட்டேன். பக்கத்து மேசைக்காரர் யாரோ செத்துவிட்டார்கள் என்று எழுந்து வந்துவிட்டார்.

நாலு ஓட்டை ஒரு ஆள் எப்படியம்மா அணைக்க முடியும்? ஓட்டு என்ன, வீட்டுப் பத்தாயமா? மாப்பிள்ளைமேல் எனக்குப் பழைய கோபம் உண்டுதான், ஆனால் இதை அந்தக் கோபத்தில் எழுதவில்லை.

கொஞ்சம் யோசித்துப் பார். உங்கள் ஊருக்கு நாகராஜன்மேல் கோபம். போய் வாத்தியாருக்குப் போட்டால் நாகராஜன் தோற்பார். போடாமல் வீட்டில் இருந்தால் யாருக்கு லாபம்? நாகராஜனுக்குத்தானே? இவ்வளவு கெட்டிக்காரரான உன் மூத்தாருக்கு இந்தக் கணக்கு தெரியாதா? எனக்கு இது புரியவே இல்லை.

யார் வராவிட்டாலும் நீ போ. பயப்படாதே. உன் கையில் மை இருப்பது தெரியும், யாருக்குப் போட்டாய் என்பது தெரியாது.

உன் அண்ணன்
செந்தில்நாதன்


தாழைமேடு
ஏப்ரல் 4

அண்ணாவுக்கு, சுகம். உன் சுகம் எழுது.

வெயில் அதிகம். கரும்பு வெட்டு முடிந்தது. பூத் சிலிப் கொடுக்கப் போனேன், யாரும் வாங்கவில்லை. திண்டாட்டம்தான்.

செவ்வாய்க்கிழமை மத்தியானம் மூத்தார் வீட்டுக்கு வெளியூர்க் கார் ஒன்று வந்தது. ஓரகத்தி ஊரில் இல்லாததால் காபி போட என்னைக் கூப்பிட்டார்கள். மூன்று தடவை போட்டேன். உன் மாப்பிள்ளையும் அங்கே இருந்தார். வேறொன்றும் இல்லை.

நீ கேட்ட கேள்விக்கு எனக்குப் பதில் தெரியாது. நான் ஒன்று கேட்கிறேன், ஒரே வார்த்தையில் எழுது. யாருக்குப் போட்டோம் என்பது உண்மையாகவே யாருக்கும் தெரியாதா? எப்படி இருந்தாலும் தெரியாதா? சீக்கிரம் எழுது.

ஹேமா


ஏனாம்
ஏப்ரல் 10

ஹேமாவுக்கு ஆசிகள். விரைவுத் தபாலில் அனுப்புகிறேன்.

தெரியாது. எப்படி இருந்தாலும் தெரியாது. அப்பாமேல் சத்தியம்.

எனக்கு இங்கே பூத் தலைமை அலுவலர் வேலை. ஒரு வாரம் மூச்சுவிட நேரமிருக்காது. உன் கடிதம் ஏன் இவ்வளவு சுருங்கிவிட்டது? உடம்பு ஏதும் சரியில்லையா? முடித்துவிட்டு விவரமாக எழுதுகிறேன்.

செந்தில்


தாழைமேடு
ஏப்ரல் 20

அன்புள்ள அண்ணாவுக்கு, உடம்பு நன்றாக இருக்கிறது. உனக்கும் வேலை நல்லபடியாக முடிந்திருக்கும்.

நேற்று நான் ஓட்டுப் போட்டேன்.

காலை ஆறு மணிக்கே பள்ளிக்கூட வாசலில் பட்டியலோடு உட்கார்ந்துவிட்டேன். எதிரே வேப்பமரத்தடியில் மூத்தார் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார், கூட இருபது முப்பது ஆண்கள். உன் மாப்பிள்ளையும் நின்றார். எட்டு, பத்து, பன்னிரண்டு என்று மணிதான் போகிறது, ஒரு ஜீவன் வரவில்லை. உள்ளே தேர்தல் வேலைக்கு வந்திருந்த டீச்சரம்மா இரண்டு தடவை எட்டிப் பார்த்தார். "இன்னாம்மா இது, உங்க ஊர்ல ஆளுங்களே இல்லையா?" என்றார். கட்சி ஏஜெண்டுகள் இருவரும் வெளியூர்க்காரர்கள். மத்தியானம் சாப்பிடப் போனவர்கள் திரும்பவில்லை. காவலுக்கு வந்த போலீஸ்காரர் தூங்கிவிட்டார்.

நாலு மணி இருக்கும். எழுந்து பட்டியலை நாற்காலியில் வைத்துவிட்டு உள்ளே நடந்தேன். டீச்சரம்மாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. பதிவேட்டின் முதல் வரியே காலியாக இருந்தது, அதில் கையெழுத்துப் போட்டேன். மை வைத்தார்கள். பொத்தானை அமுக்கினேன். அந்த மெஷின் கத்துகிற சத்தம் இவ்வளவு நீளம் என்று எனக்கு இதுவரை தெரியாது. ஊர் அவ்வளவு அமைதியாக இருந்ததால் வேப்பமரம் வரை கேட்டிருக்கிறது. வெளியே வந்தபோது அத்தனை பேரும் எழுந்து நின்றிருந்தார்கள்.

ஆறு மணிக்குக் கதவைச் சாத்தும்வரை வேறு யாரும் வரவில்லை. நான் மட்டும்தான்.

வீட்டுக்கு வந்த மூத்தார் என் முகத்தைப் பார்க்காமல் தம்பியைப் பார்த்தே பேசினார். "கேளுடா ஒம் பொண்டாட்டிய, யாருக்குப் போட்டான்னு கேளு" என்றார். உன் மாப்பிள்ளை கேட்கவில்லை. சாப்பிடாமல் கழனிக்குப் போய்விட்டார். நான்தான் சொன்னேன், "அது ரகசியம், எங்க அண்ணன் எழுதியிருக்காரு" என்று.

இன்று அங்கன்வாடிக்கு இருபத்துமூன்று பிள்ளைகளில் இரண்டு பேர்தான் வந்தார்கள். சமைத்தது எல்லாம் அப்படியே கிடக்கிறது. 

ஹேமலதா


ஏனாம்
ஏப்ரல் 27

என் அன்புத் தங்கைக்கு, நலமா என்று கேட்கக்கூட எனக்கு வாய் வரவில்லை.

உன் கடிதத்தைப் பிரித்து, நீ போட்டாய் என்று படித்ததும் துள்ளிக் குதித்தேன். என் தங்கை என்று பக்கத்து மேசைக்காரரிடம் பெருமை அடித்துக்கொண்டேன். அப்புறம் 'நான் மட்டும்தான்' என்ற வரிக்கு வந்தேன். ஹேமா, அந்த இடத்தில் கடிதத்தை மடித்து வைத்துவிட்டேன்.

ஓட்டை எண்ணும்போது பூத் பூத்தாகத்தான் எண்ணுவார்கள். ஒவ்வொரு பூத்துக்கும் யாருக்கு எத்தனை என்று சத்தமாக வாசிப்பார்கள், ஏஜெண்டுகள் குறித்துக்கொள்வார்கள். நானூறு ஓட்டு இருந்தால் உன்னுடையது அதற்குள் ஒளிந்துகொள்ளும். ஒரே ஓட்டு எதற்குள் போய் ஒளியும்? நீ யாருக்குப் போட்டாய் என்பது அன்று ஊருக்கே தெரிந்துவிடும்.

இருபத்திரண்டு வருஷம் இந்த வேலையைச் செய்தவன் நான். ஊரே புறக்கணிக்கப் போகிறது என்று நீ எழுதிய பிறகும் இது என் மண்டையில் ஏறவில்லை. அப்பாமேல் சத்தியம் வேறு செய்தேன். எத்தனை தடவை என்னையே அறைந்துகொள்வது?

மே 14 வாக்கு எண்ணிக்கை. அதற்கு முன்னால் வில்லியனூருக்குப் போய்விடு. கார்த்திகாவிடம் சொல்லிவிட்டேன், உனக்கு அறை ஒழித்து வைத்திருக்கிறாள். கோபம் அடங்கியதும் திரும்பிக்கொள்ளலாம். என் பேச்சைக் கேட்டுத்தான் இந்தக் கதி உனக்கு. இதையாவது கேள்.

உன் பாவி அண்ணன்
செந்தில்நாதன்


ஏனாம்
மே 17

ஹேமாவுக்கு, நீ பத்திரமாக இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டு எழுதுகிறேன்.

இருபது நாளாக உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை. மானத்தை விட்டு மாப்பிள்ளை போனுக்கே ஏழெட்டு முறை அடித்தேன், எடுக்கவில்லை. கார்த்திகா நேரில் வந்தபோதும், "நல்லா இருக்கேன் அண்ணி" என்று காபி கொடுத்து அனுப்பிவிட்டாயாம். வில்லியனூருக்கும் போகவில்லை.

முடிவைப் பார்த்தேன். நாகராஜன் ஜெயித்துவிட்டார், வெறும் நூற்று எண்பத்தேழு ஓட்டில். பூத் விவரத்தையும் தேடிப் பிடித்துப் பார்த்தேன். தாழைமேடு, மொத்தம் ஒன்று. புகழ்வேந்தன் ஒன்று. அந்த ஒன்றையே எவ்வளவு நேரம் பார்த்துக்கொண்டிருந்தேனோ தெரியாது.

அங்கே என்ன நடந்தது? உன்னை என்ன செய்தார்கள்? ஒரு வரியாவது எழுது தாயே.

செந்தில்நாதன்


தாழைமேடு
மே 22

அன்புள்ள அண்ணாவுக்கு, நான் நன்றாக இருக்கிறேன். பதறாதே. உன் கடிதங்கள் இரண்டும் வந்தன. முதல் கடிதம் எண்ணிக்கைக்கு ஒன்பது நாள் முன்பே வந்துவிட்டது. பையை எடுத்துக்கொண்டு புறப்பட நேரம் இருந்தது. புறப்படவில்லை.

நீ உன்னை அறைந்துகொள்ள வேண்டாம். ஒரு ஓட்டு ஒளியாது என்பது எனக்கு முன்பே தெரியும். பட்டியல் வேலைக்கான பயிற்சி வகுப்பில் ஓர் அதிகாரி சிரித்துக்கொண்டே இதைச் சொன்னார். பிறகு ஏன் உன்னிடம் கேட்டேன் என்று திகைப்பாய். பயமாக இருந்தது அண்ணா. 'தெரிந்துவிடும், போகாதே' என்று நீ எழுதினால், அண்ணன் தடுத்துவிட்டார் என்று சொல்லி வீட்டிலேயே இருந்துவிடலாம் என்று பார்த்தேன். நீ சத்தியம் செய்து எழுதிவிட்டாய். அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை.

காபி போட்ட நாளில் 'வேறொன்றும் இல்லை' என்று எழுதினேனே, இருந்தது. காரில் வந்தவர் நாகராஜனின் ஆள். நான் கதவருகே தட்டோடு நிற்கும்போது காதில் விழுந்தது. "ஊரு கோவமா இருக்குது. அந்தக் கோவம் பூத் வரைக்கும் போவாம பாத்துக்கினீங்கன்னா போதும். பால் சங்கத் தலைவர் நீங்கதான்" என்றார் அவர். மூத்தார், "அதான் சூடமே அணைக்க வச்சுட்டேனே" என்று சிரித்தார்.  இவ்வளவு பேர் வயிற்றெரிச்சலும் ஒருத்தர் பதவிக்கு என்று நினைக்க நினைக்க உடம்பு கொதித்தது. நான் உள்ளே போனதும் பேச்சு நின்றது. உன் மாப்பிள்ளையும் அங்கேதான் உட்கார்ந்திருந்தார். தலையைக் குனிந்துகொண்டு காபியை வாங்கிக்கொண்டார்.

இதை ஊரில் சொன்னால் யார் நம்புவார்கள்? நம்பினாலும் என் புருஷனைத்தான் முதலில் சந்தியில் நிறுத்துவார்கள். அவரைக் காட்டிக்கொடுக்க எனக்கு வாய் வரவில்லை, சும்மா இருக்கவும் முடியவில்லை. யாரும் சொல்லாமலே ஊர் கணக்குப் போட வேண்டும் என்று நினைத்தேன். ஒரு ஓட்டும் விழாத பூத்தை யார் வாய்விட்டு வாசிக்கப் போகிறார்கள்? ஒன்று விழுந்தால் வாசித்துத்தானே ஆக வேண்டும்?

அப்படியே நடந்தது. தாழைமேடு மொத்தம் ஒன்று என்று வாசித்தது டீக்கடை வரை வந்துவிட்டது. கடைசிச் சுற்று முடிந்து நூற்று எண்பத்தேழு என்றதும், டீக்கடையில் பிரேம்தான் மெதுவாகச் சொன்னான், "நம்ம பூத்துல மட்டும் நானூத்திப் பதினொண்ணு போடலியே" என்று.  காசம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு தெருவிலேயே உட்கார்ந்துவிட்டாள். நாலாம் நாள் மூத்தாருக்குப் பால் சங்கத்தில் மாலை.

அதற்காக என்னை யாரும் கொண்டாடவில்லை. ஊர்க் கட்டுப்பாட்டை மீறியது மீறியதுதானாம். வரும் ஞாயிற்றுக்கிழமை கோயிலில் கூட்டம். 'எனக்குத் தெரியாமல் செய்தாள், அவளை அடக்கிவைக்கிறேன்' என்று அவர் சூடம் அணைக்க வேண்டுமாம். இல்லாவிட்டால் எங்கள் வீட்டைத் தலைக்கட்டிலிருந்து தள்ளிவைத்துவிடுவார்களாம், நல்லது கெட்டதுக்கு ஒருவரும் வரமாட்டார்கள். அவர் அணைத்துவிட்டால் நான் இந்த வீட்டில் எப்படி இருப்பேன் என்று எனக்கே தெரியவில்லை. அதற்குப் பிறகு எழுதுகிறேன்.

அண்ணியைக் கேட்டதாகச் சொல்.

ஹேமலதா


தாழைமேடு
ஜூன் 8

மரியாதைக்குரிய மச்சான் அவர்களுக்கு, தணிகைவேல் வணக்கம். உங்கள் உடல்நலத்துக்கு அம்மனை வேண்டுகிறேன். ஆறு வருஷம் கழித்து எழுதுகிறேன். எழுதிப் பழக்கமில்லை, தப்பிருந்தால் மன்னிக்கவும். ஹேமலதா உங்களுக்கு எழுதுவதும் நீங்கள் அங்கன்வாடிக்கு எழுதுவதும் எனக்கு முதலிலிருந்தே தெரியும். ஒரு கடிதத்தையும் நான் பிரித்ததில்லை. உங்கள் போனை எடுக்காதது வெட்கத்தால்.

அந்த ஞாயிற்றுக்கிழமை நடந்ததை அவள் எழுதியிருக்க மாட்டாள். அன்றிலிருந்து பேனாவையே தொடவில்லை. தட்டில் சூடத்தை ஏற்றி என் முன்னால் வைத்தார்கள். அண்ணன், "எனக்குத் தெரியாமப் போட்டுட்டான்னு சொல்லி அணைடா, முடிஞ்சுது" என்றார். தெரியாமல்தான் போட்டாள். அதில் பொய் ஒன்றும் இல்லை. கையை நீட்டிவிட்டேன். அப்போது பெண்கள் பக்கத்தில் அவளைப் பார்த்தேன். அவள் கெஞ்சவில்லை, முறைக்கவும் இல்லை. நான் என்ன சொல்லப் போகிறேன் என்று கேட்பதற்குக் காத்திருந்தாள். அவ்வளவுதான்.

அண்ணன் வீட்டில் நான் தலைகுனிந்து உட்கார்ந்திருந்த அன்று இவள் கதவருகே நின்று எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. எல்லாம் தெரிந்து, என் பெயரை ஒருவரிடமும் சொல்லாமல், தான் ஒருத்தியாகப் போய் அத்தனை பேச்சையும் வாங்கிக்கொண்டிருக்கிறாள். நீட்டிய கையை இழுத்துக்கொண்டேன் மச்சான். "அவளுக்கு முன்னாடியே எனக்குத் தெரியும்" என்று ஆரம்பித்துக் கார் வந்தது, பேசியது, நான் வாயைத் திறக்காமல் இருந்தது எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். சூடம் தானாகவே எரிந்து தீர்ந்தது. அண்ணன் துண்டை உதறிக்கொண்டு போனார். ஊரில் பாதிப் பேர் அவரைத் திட்டுகிறார்கள், பாதிப் பேர் என்னைத் திட்டுகிறார்கள். தலைக்கட்டில் என் பெயர் இருக்கிறதா இல்லையா என்று எவனுக்கும் தெரியவில்லை. அங்கன்வாடிக்குப் பிள்ளைகள் வர ஆரம்பித்துவிட்டார்கள்.

இதெல்லாம் போகட்டும். ஓட்டு நாளிலிருந்து ஹேமலதா என்னோடு ஒரு வார்த்தை பேசவில்லை. சோறு போடுகிறாள், துணி எடுத்து வைக்கிறாள். பேச்சு இல்லை. கோயிலில் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்ட பிறகாவது பேசுவாள் என்று நினைத்தேன். ஐம்பது நாள் ஆகிவிட்டது. நீங்கள் சொன்னால் கேட்பாள். எனக்காக அவளிடம் ஒரு வார்த்தை எழுதுங்கள். இந்தக் கடிதம் அவளுக்குத் தெரியாது.

தங்கள்
தணிகைவேல்


ஏனாம்
ஜூன் 16

அன்புள்ள மாப்பிள்ளைக்கு, செந்தில்நாதன் எழுதுவது. நலம். உங்கள் கடிதத்தை நாலு தடவை படித்தேன். கோயிலில் அத்தனை பேர் முன்னால் நீங்கள் சொன்னதை, உங்கள் இடத்தில் நான் இருந்தால் சொல்லியிருப்பேனா என்று தெரியவில்லை. அப்பாவின் காரியத்தன்று நான் பேசியது தப்பு. மன்னித்துவிடுங்கள்.

ஆனால் நீங்கள் கேட்டதை நான் செய்யமாட்டேன். கோபித்துக்கொள்ளாதீர்கள். அவள் பெயரால் முதல் கூட்டத்தில் 'நாலும் இல்லை' என்று நீங்கள் சொன்னீர்கள், உங்கள் பெயரால் உங்கள் அண்ணன் காரில் வந்தவரிடம் சொன்னார். எதுவும் தெரியாமலே எங்கப்பா பெயரால் நான் சத்தியம் செய்தேன். இப்போது உங்கள் பெயரால் நான் அவளிடம் பேசினால் அதுவும் இந்த வரிசையில்தான் சேரும். இதில் இன்னும் ஒரு கடிதம் வேண்டாம் மாப்பிள்ளை.

இந்தக் கடிதம் வரும்போது அவள் வீட்டில்தான் இருப்பாள். என்னோடு பேசுவாயா என்று நீங்களே போய்க் கேளுங்கள். ஒருவேளை அவள் மாட்டேன் என்று சொல்லலாம், அதையும் அவள் வாயாலேயே கேட்டுக்கொள்ளுங்கள். என்ன பதில் சொன்னாள் என்று மட்டும் எனக்கு எழுத வேண்டாம்.

உங்கள் மச்சான்
செந்தில்நாதன்